தினமும் எலுமிச்சை நீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலுமிச்சை நீர் விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு அது சர்வரோக நிவாரணி. இன்னொரு கட்சிக்கு வெறும் புளித்த தண்ணீர். இரண்டுமே மிகைதான். இங்கே எலுமிச்சை நீர் என்று சொல்வது, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் (250 முதல் 300 மில்லி) அரைப் பழத்தின் சாற்றைப் பிழிந்து சர்க்கரை சேர்க்காமல் குடிப்பதை. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிறுநீரகக் கல்லையும் பல்லையும் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு டம்ளர் எலுமிச்சை நீரில் அப்படி என்னதான் இருக்கிறது?

அரைப் பழத்தைப் பிழிந்தால் 20 முதல் 25 மில்லி சாறு வரும். அதில் ஐந்தாறு கலோரி, 8 முதல் 10 மில்லிகிராம் வைட்டமின் சி, ஏறக்குறைய 1 கிராம் சிட்ரிக் அமிலம், சொற்பமாகப் பொட்டாசியம். மீதி எல்லாம் தண்ணீர்.

வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி, நாட்டுக்கு நாடு பரிந்துரை கொஞ்சம் மாறினாலும், பொதுவாக 65 முதல் 90 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு டம்ளர் எலுமிச்சை நீர் தருவது அதில் ஏழில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோதான். வைட்டமின் சி மட்டும்தான் நோக்கம் என்றால் ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டுவிடலாம். 100 கிராம் கொய்யாவிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எலுமிச்சையின் தனிச் சிறப்பு வைட்டமின் அல்ல, சிட்ரிக் அமிலம். நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகின்றன.

அப்படியானால் எலுமிச்சைக்கு மருந்து என்ற பெயர் எப்படி வந்தது?

கடலில் வந்தது. மாதக்கணக்கில் காய்கறி, பழம் காணாத மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயங்கள் மறுபடி திறந்துகொள்ளும். ஸ்கர்வி என்ற இந்த நோய் போரைவிட அதிகமான மாலுமிகளைக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. 1747-இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர், இப்படி. தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் கிடைத்த ஜோடி மட்டும் சட்டென்று தேறியது. கப்பலில் இருந்த பழம் ஆறே நாளில் தீர்ந்துவிட்டது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார். பிரிட்டிஷ் கடற்படை எல்லாக் கப்பல்களுக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவெடுத்தது 1795-இல். அதற்குள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிவிட்டது!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்கர்வியைத் தடுக்க நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். உடலில் அது அறவே இல்லாதவருக்கு எலுமிச்சை அற்புதம் செய்தது. காய்கறியும் பழமும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அந்த அற்புதம் மறுபடி நடக்காது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும்; மிஞ்சிய வைட்டமின் சி சிறுநீரோடு போய்விடும்.

காலையில் வெறும் வயிற்றில் குடித்தால்தான் பலனா?

இல்லை. எந்த நேரத்தில் குடித்தாலும் அதே சாறு, அதே தண்ணீர். காலையில் குடிப்பதில் ஒரு வசதி இருக்கிறது: ஆறேழு மணி நேரம் தண்ணீரே குடிக்காமல் எழுந்திருக்கிறோம், உடம்பு நீர் கேட்கும். அந்த வேலையை வெறும் தண்ணீரும் செய்யும். எழுந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பாகக் குடித்தால் பலருக்கு மலம் எளிதாகக் கழிகிறது. இதிலும் பெரும்பங்கு தண்ணீருடையதுதான். வெறும் வயிற்றில் புளிப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பாட்டோடு குடிக்கலாம். இரும்புச்சத்தைப் பொறுத்தவரை அதுதான் நல்ல நேரமும்கூட.

உடம்பில் உள்ள கழிவை எல்லாம் வெளியேற்றும் என்கிறார்களே?

"டீடாக்ஸ்" என்று சொல்லி விற்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தக் கழிவை? பெயர் சொல்ல மாட்டார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்ய சிறுநீரகமும் கல்லீரலும் இரவும் பகலும் வேலை செய்கின்றன. சிறுநீரகத்துக்குப் போதுமான தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். எலுமிச்சை கல்லீரலைக் கழுவிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வேறு எதையும் சாப்பிடாமல் நாள் கணக்கில் எலுமிச்சை நீரை மட்டும் குடிக்கும் "சுத்திகரிப்பு" முறைகள் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்தில் முடியலாம். மற்றவர்களுக்குத் தலைசுற்றல், சோர்வு, தசை இழப்பு.

எலுமிச்சை அமிலம்தானே? பிறகு உடலைக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உள்ளதாக ஆக்கும் என்கிறார்களே, எப்படி?

ஆக்காது. அமிலமா காரமா என்று காட்டும் அளவு பிஎச்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். ரத்தத்தின் பிஎச் அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நிற்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் அதை அங்கிருந்து நகரவிடாது. நாம் குடிக்கும் எதனாலும் அது கணிசமாக மாறினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சிறுநீரின் அமிலத்தன்மை உணவைப் பொறுத்துச் சற்று மாறலாம். அதைப் பரிசோதனைக் காகிதத்தில் பார்த்துவிட்டு உடம்பே மாறிவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் இந்தக் கதையின் மூலம்.

எடை குறையுமா?

எலுமிச்சை கொழுப்பைக் கரைக்காது. ஆனால் எதற்குப் பதிலாக அதைக் குடிக்கிறீர்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. ஒரு 330 மில்லி குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. அந்த இடத்தில் சர்க்கரை இல்லாத எலுமிச்சை நீர் வந்தால் தினமும் 130 கலோரிக்கு மேல் மிச்சம். மாதங்கள் ஓட ஓட அது எடையில் தெரியும். ஏற்கெனவே வெறும் தண்ணீர் குடிக்கிறவருக்கு எந்த மாற்றமும் வராது. சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் குடித்தால் சிலர் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். அதற்கும் தண்ணீரே போதும்.

பெக்டின் என்ற நார்ச்சத்து பசியை அடக்கும் என்று ஒரு வாதம் உண்டு. பெக்டின் இருப்பது தோலிலும் சதையிலும். வடிகட்டிய சாற்றில் அது இல்லை என்றே சொல்லலாம்.

சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்பது உண்மையா?

எலுமிச்சை பற்றிச் சொல்லப்படுபவற்றில் அறிவியல் வலு அதிகமுள்ள விஷயம் இதுதான். சிறுநீரகக் கற்களில் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட் கற்கள். சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிகமாகி, படிகம் வளர்ந்து கல்லாகிறது. சிட்ரிக் அமிலத்தின் உப்பு வடிவமான சிட்ரேட் அங்கே இருந்தால் அது முந்திக்கொண்டு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறு படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதையும் தடுக்கும். கல் வருகிறவர்களில் பலருக்குச் சிறுநீரில் சிட்ரேட் குறைவாகவே இருக்கிறது. வழக்கமாகக் குடிக்கும் பழச்சாறுகளில் சிட்ரிக் அமிலம் மிக அதிகமாக இருப்பது எலுமிச்சை வகைகளில்தான்.

ஆனால் அளவைப் பாருங்கள். ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 மில்லி சாறு, அதாவது இரண்டு மூன்று பழம். இத்தாலியில் கல் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு 60 மில்லி சாற்றை நாளுக்கு இரண்டு வேளை கொடுத்துப் பார்த்த ஆய்வில், நாளாக நாளாகப் பலர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். வயிற்று உபத்திரவமும் புளிப்பின் சலிப்பும் சாதாரணமானவை அல்ல. காலையில் அரைப் பழம் பிழிந்து குடித்துவிட்டு "எனக்கு இனிக் கல் வராது" என்று இருப்பது சரியில்லை.

தண்ணீரின் பங்கு இதைவிடத் தெளிவு. 1996-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், முதல்முறை கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் தினமும் 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும்படி தண்ணீர் குடித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் அவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்குக் கல் திரும்பியது. மற்ற குழுவில் 27 விழுக்காட்டினருக்கு. வெறும் தண்ணீர் செய்த வேலை இது. எலுமிச்சை சேர்த்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும் என்றால் தாராளமாகச் சேருங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிய அளவுகோல்.

இன்னும் சில விஷயங்கள். ஏற்கெனவே உருவாகிவிட்ட கால்சியம் கல்லை எலுமிச்சை கரைக்காது. யூரிக் அமிலக் கல் மருந்தால் கரையக்கூடியது. அதற்கு மருத்துவர் தருவது பெரும்பாலும் பொட்டாசியம் சிட்ரேட். கிருமித் தொற்றால் வரும் கல்லுக்கு வைத்தியமே வேறு. ஆகவே கல் வெளியே வந்தால் தூக்கிப் போடாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள், என்ன வகை என்று தெரிந்துகொள்ளலாம். அப்புறம், வைட்டமின் சி மாத்திரையை எலுமிச்சையின் மாற்றாக நினைக்க வேண்டாம். 1000 மில்லிகிராம் மாத்திரை உடலில் ஆக்சலேட்டாக மாறிக் கல்லுக்கு வழிவிடக்கூடியது.

ரத்தசோகைக்கு உதவுமா?

உதவும், சாப்பாட்டோடு சேர்ந்தால். கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சாது. வைட்டமின் சி அந்த இரும்பைக் குடல் ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றில் இருந்தால்தான் இது நடக்கும். காலை ஆறு மணிக்கு எலுமிச்சை நீர், மதியம் ஒரு மணிக்குக் கீரை என்றால் பயனில்லை. கீரையின் மேலேயே பிழிந்துகொள்வது இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் அவை இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். ரத்தசோகை உறுதியாகிவிட்டால் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடக் கூடாது. இரும்புச்சத்து அளவுக்கு மீறி உடலில் சேரும் நோய் உள்ளவர்களும் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும்.

பல்லுக்குக் கெடுதலா?

ஆமாம். தினமும் குடிக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான், ஆனால் நன்மைப் பட்டியல் போடுகிறவர்கள் இதைக் கடைசியில் ஒரு வரியாகத் தள்ளிவிடுகிறார்கள்.

வாயில் பிஎச் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-க்கும் 2.6-க்கும் இடையில். "தண்ணீர் கலந்துவிட்டேனே" என்றால், பத்து மடங்கு தண்ணீர் கலந்தாலும் அது 3-ஐ ஒட்டித்தான் நிற்கும். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடுகின்றன. போன எனாமல் போனதுதான். மேல்பூச்சு மெலியும்போது உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் வெளியே தெரியும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசும். முன்பற்களின் நுனி கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவத் தொடங்கினால் அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எலுமிச்சை பல்லை வெண்மையாக்கும் என்று தேய்க்கிறவர்களுக்கு நடப்பது நேர்மாறு.

அளவைவிட, அமிலம் பல்லோடு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே முக்கியம். ஒரு டம்ளரை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்தால் உமிழ்நீர் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நிலைமையைச் சரிசெய்துவிடும். அதே அளவைப் பாட்டிலில் ஊற்றி மேசையில் வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை ஒவ்வொரு மடக்காக உறிஞ்சினால் உமிழ்நீருக்கு அவகாசமே கிடைக்காது. துண்டுகள் மிதக்கும் அழகான பாட்டிலோடு சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பல் டாக்டரின் நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது.

குடித்த உடனே பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் மென்மையான எனாமலை பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். துலக்கிவிட்டுக் குடியுங்கள், குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். பிறகு துலக்குவதென்றால் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழியட்டும். ஸ்ட்ராவில் குடித்தால் முன்பற்கள் தப்பும். படுக்கப் போகும் முன் வேண்டாம், தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும்.

அசிடிட்டி, நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் குடிக்கலாமா?

எலுமிச்சை நீர் நெஞ்செரிச்சலைத் தணிக்கும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். ஆனால் இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் மேலேறும் தொல்லை உள்ளவர்களில் பலருக்குப் புளிப்பான பானம் எரிச்சலைக் கூட்டுகிறது. குடித்தபின் நெஞ்சு எரிந்தால் உங்களுக்கு அது ஆகாது, அவ்வளவுதான். "போகப் போகப் பழகிவிடும்" என்று தொடர வேண்டாம். வயிற்றுப்புண், வாய்ப்புண் இருக்கும்போது ஆறும்வரை நிறுத்திவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு?

சர்க்கரை, தேன் சேர்க்காமல் குடிப்பதில் தடையில்லை. சுவாரசியமான ஒரு விஷயமும் உண்டு. உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. அமிலம் பட்டால் அது செயலிழந்துவிடும். ரொட்டியோடு எலுமிச்சைச் சாறு குடித்த ஆரோக்கியமானவர்களிடம் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரை ஏறும் உச்சம் சுமார் 30 விழுக்காடு குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் மாத்திரையின் அளவை இதை வைத்து மாற்றும் அளவுக்கு அது பெரிய ஆய்வு அல்ல.

சளி பிடிக்காமல் காக்குமா?

காக்காது. தினமும் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ வைட்டமின் சி எடுத்துக்கொண்டவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொது மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்குச் சுமார் 8 விழுக்காடு, குழந்தைகளுக்கு 14 விழுக்காடு குறைந்தது. எலுமிச்சை நீரில் அந்த அளவு வர ஒரே நாளில் பத்துப் பழம் பிழிய வேண்டும்! தொண்டை கரகரக்கும்போது வெதுவெதுப்பாகத் தேனோடு குடிப்பது இதமாக இருக்கும் என்பது உண்மை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

முகம் பளபளக்குமா?

தோலைத் தாங்கும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. போதுமான அளவு கிடைக்கிறவருக்கு மேலும் குடிப்பதால் பளபளப்பு கூடாது. முகத்தில் நேரடியாகச் சாறு தடவுவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். எலுமிச்சையில், குறிப்பாகத் தோலில், சோரலென் என்ற பொருள் உண்டு. அது ஒட்டிய சருமத்தில் வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம் கிளம்பி, பிறகு பழுப்புத் திட்டாக வாரக்கணக்கில் நிற்கும். நிறையப் பழம் பிழிந்துவிட்டு வெயிலில் போகும்முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வது நல்லது.

சுடுநீரில் பிழிந்தால் வைட்டமின் போய்விடுமா?

கொதிக்கவிட்டால் குறையும். வெதுவெதுப்பான நீரில் பிழிந்து உடனே குடித்தால் இழப்பு சொற்பம். சிட்ரேட்டுக்குச் சூட்டால் எதுவும் ஆகாது. பிழிந்து வைத்த சாறு காற்றுப் படப்பட வைட்டமினை இழக்கும். மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மெதுவாக இழக்கும்.

செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். அமிலம் செம்பைக் கரைத்து நீரில் கலக்கும். குமட்டலும் வாந்தியும் வரலாம். போதாக்குறைக்கு, செம்பு வைட்டமின் சி சிதைவதையும் வேகப்படுத்தும். கண்ணாடியோ எவர்சில்வரோ போதும்.

தேன், உப்பு, சர்க்கரை சேர்க்கலாமா?

ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 60 கலோரி. உடலைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரைதான். உப்பு, நிறைய வியர்த்த நாளில் ஒரு சிட்டிகை பரவாயில்லை. தினமும் பழக்கமாக்கிக்கொள்ளத் தேவையில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தச் சிட்டிகையையும் விட்டுவிடலாம். வயிற்றுப்போக்கின்போது கண்ணளவில் உப்பு, சர்க்கரை போட்ட எலுமிச்சை நீரைவிட, அளவு குறிக்கப்பட்ட ஓஆர்எஸ் பொட்டலமே நம்பகமானது.

கர்ப்பிணிகள் குடிக்கலாமா?

குடிக்கலாம். மசக்கையில் வாந்தி எடுத்த உடனேயும் பல் துலக்காமல் கொப்பளிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் அமிலம்தான்.

மருந்து சாப்பிடுகிறவர்கள்?

பம்பளிமாஸ் போன்ற தோற்றமுள்ள கிரேப்ஃப்ரூட், சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு சேரக் கூடாது என்பது தெரிந்ததே. தினமும் அரைப் பழ எலுமிச்சை நீருக்கு அந்தத் தொல்லை இருப்பதாகத் தெரிய வரவில்லை. அலுமினியம் கலந்த அமில முறிவு மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள், அதிலும் சிறுநீரகம் பழுதுபட்டவர்கள், இரண்டையும் சேர்த்துக் குடிக்கக் கூடாது. சிட்ரேட் அலுமினியத்தை உடலுக்குள் இழுத்துக்கொள்ள வழிசெய்யும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

காரணம் எதுவும் இல்லாமல் பிடித்துப்போய்க் குடிக்கிறவருக்கு அரைப் பழம் முதல் ஒரு பழம் வரை. கல்லுக்காக அதற்கு மேல் குடிப்பவர்கள் சிறுநீரக மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் காலையில் குடிக்கலாமா?

வேண்டாம். அன்றைக்கு வெறும் தண்ணீர் மட்டும். சாறும் தேனும் கலந்தது வெறும் வயிற்றுக் கணக்கில் வராது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்து குடித்துக்கொள்ளலாம்.